ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா அக்கா எழுந்து போயிடுறா. நாலு வருஷம் கழிச்சும் இது இருக்குமா?

கேள்வி, 28 மே 2025

எங்க அக்கா அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். 2020லயும் 2021லயும் கோவிட் வார்டுதான் பார்த்தா. இப்போ வேலைக்கு ஒழுங்கா போறா, சமைக்கிறா, பிள்ளைகளைப் பார்த்துக்கிறா. ஆனா ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா சாப்பிட்டுட்டு இருந்தாலும் எழுந்து பின்கட்டுக்குப் போயிடுறா. இந்த வாரம் டிவியில மறுபடி கொரோனான்னு சொல்ல ஆரம்பிச்சதுல இருந்து தூக்கமே இல்லை. கேட்டா "ஒண்ணுமில்லடா"ங்கிறா. மாமா, "சம்பளம் வாங்கித்தானே பார்த்தா, எல்லாரும்தான் பார்த்தாங்க"ங்கிறார். நாலு வருஷம் கழிச்சும் இப்படி இருக்குமா? இல்ல நாங்கதான் பெருசு பண்றோமா?

28 மே, இரவு 11:40

இருக்கும் தம்பி. பெருசு பண்ணலை.

நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். தென் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரி. 2020 ஏப்ரல்ல இருந்து 2021 ஆகஸ்ட் வரைக்கும் கோவிட் வார்டு. உங்க அக்காவுக்கு ஆம்புலன்ஸ்னா எனக்கு மீன் தொட்டி.

போன வருஷம் பொண்ணுக்குப் பல் காட்டப் போயிருந்தோம். அந்த கிளினிக்ல பெரிய மீன் தொட்டி, உள்ளே காத்துக் குழாய், குமிழ் குமிழா மேல வந்துட்டே இருக்கு. உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் ஆகலை, உள்ளங்கை வேர்த்துப்போச்சு. எழுந்து வாசல்ல போய் நின்னப்புறம்தான் ஏன்னு புரிஞ்சுது. வார்டுல ஆக்சிஜன் சுவத்துல இருந்து வர்ற இடத்துல ஒரு சின்ன தண்ணி பாட்டில் மாட்டியிருக்கும். அந்தத் தண்ணிக்குள்ள புகுந்து ஈரமாகித்தான் நோயாளிக்குப் போகும். அந்த பாட்டில் சத்தமும் இந்தத் தொட்டி சத்தமும் ஒண்ணு. 2021 மே மாசம் ஒரே ஹால்ல நாப்பது பாட்டில் உலை கொதிக்கிற மாதிரி கொதிச்சுட்டு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க காது அதுலயேதான் இருக்கும். சத்தம் லேசா மெலிஞ்சா பிரஷர் இறங்குதுன்னு அர்த்தம். மானிட்டர் அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே காது சொல்லிடும்.

குழாய் எட்டாத இடத்துல ஜம்போ சிலிண்டர். ஒண்ணுல சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடினா எட்டு மணி நேரம்கூட முழுசா வராது. இந்தக் கணக்கை இன்னும் சில ராத்திரி தூக்கத்துல போட்டுட்டு இருக்கேன்.

29 மே, மாலை 4:15

மாமா சொன்னதைப் பத்தி நேத்து எழுதலை. கோபத்துல எழுதிடுவேன்னு விட்டுட்டேன்.

சம்பளம் வாங்கினோம். வேலைக்குப் போக நாங்க தயங்கினோம்னு யாரும் சொல்ல முடியாது. 2018 மே மாசம் கேரளாவுல நிபா வைரஸ் காய்ச்சல் வந்தப்போ பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில லினின்னு ஒரு நர்ஸ், நோயாளியைக் கவனிச்சு, அவங்களுக்கே தொத்தி இறந்துபோனாங்க. கடைசியில கணவருக்கு அவங்க எழுதின கடிதம் எத்தனையோ நர்ஸுங்க போன்ல இருந்துச்சு. முதல் கோவிட் டூட்டிக்கு முந்தின ராத்திரி நான் அதை எடுத்துப் படிச்சேன். படிச்சுட்டுதான் மறுநாள் காலையில போனேன். சாவு பயம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா எங்களை உடைச்சது அது இல்லை.

லாக்டவுன் போட்டப்புறம் எங்களுக்காகக் கை தட்டினாங்க. எங்க தெருவுலயும் தட்டினாங்க, தாம்பாளம் அடிச்சாங்க, என் பொண்ணு மொட்டை மாடியில நின்னு குதிச்சா. அதே தெருவுல ஏப்ரல் கடைசியில வீட்டு ஓனர் கேட்டுக்கு வெளியே நின்னே, "அம்மா, வீட்ல வயசானவங்க இருக்காங்க, நீங்க வேற இடம் பார்த்துக்குங்க"ன்னார். நல்ல மனுஷன்தான். பயம்.

அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் சென்னையில நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவுல இறந்தார். ஏப்ரல் 19. அவரை அடக்கம் பண்ண விடாம ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லாலயும் கட்டையாலயும் அடிச்சுது. கடைசியில நடுராத்திரியில கூட வேலை பார்த்த டாக்டர் ஒருத்தர் கையால மண்ணைத் தள்ளித்தான் புதைக்க வேண்டியிருந்துச்சு. அந்த வாரமே சட்டம் வந்துச்சு: மருத்துவப் பணியாளரைத் தாக்கிப் பலத்த காயம் ஏற்படுத்தினா 7 வருஷம் வரைக்கும் சிறை, தமிழ்நாட்டுல அடக்கத்தைத் தடுத்தா 3 வருஷம் வரைக்கும். சட்டம் நல்லதுதான். ஆனா அந்த வீடியோவை ஓய்வறையில உட்கார்ந்து பார்த்தோமே, நாங்க பன்னிரண்டு பேர், யாரும் யார் முகத்தையும் பார்க்கலை. நம்ம உடம்பை யார் வாங்குவாங்கங்கிற கேள்வி அன்னைக்கு எல்லார் மனசுலயும் விழுந்துச்சு.

30 மே, காலை 6:50

திருத்தம். கை தட்டினது லாக்டவுனுக்கு முன்னாடி. மார்ச் 22 ஞாயிறு சாயங்காலம் 5 மணி. லாக்டவுன் 25ல இருந்து. ஏப்ரல் 5 விளக்கு ஏத்தினது, மே 3 ஹெலிகாப்டர்ல இருந்து பூ தூவினது. ஓனர் பேசினது இதெல்லாத்துக்கும் நடுவுல.

1 ஜூன், பகல் 2:30

நைட் டூட்டி முடிஞ்சு தூங்கி எழுந்து எழுதுறேன்.

பி.பி.இ. பத்தி, அதான் நாங்க கிட்னு சொல்ற உடம்பு முழுக்க மூடுற பாதுகாப்பு உடை, ஒருத்தர் கேட்டிருக்கார். ஆறு மணி நேர ஷிஃப்ட்னா, போடுறதும் கழட்டுறதும் முந்தின ஷிஃப்ட்காரங்ககிட்ட பொறுப்பு வாங்கிக்கிறதும் சேர்த்து ஏழரை மணி நேரம். தண்ணி கிடையாது, பாத்ரூம் கிடையாது. மாதவிலக்கு நாள்லயும் அதே ஏழரை மணி நேரம்தான். டயப்பர் கட்டிட்டுப் போனவங்க உண்டு. மூக்குத் தண்டுல பிளாஸ்டர் ஒட்டி அதுமேல என்-95. ஏப்ரல், மே வெயில்ல ஏசி போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கையுறையைக் கழட்டினா விரல் நுனியெல்லாம் ஊறவெச்ச கொண்டைக்கடலை மாதிரி சுருங்கியிருக்கும்.

ஆனா உடம்புக் கஷ்டம் உடம்போட போயிடுச்சு. எங்க இடத்துல 7 நாள் டூட்டி, 7 நாள் லாட்ஜ்ல தனிமை. டூட்டி நாள்தான் கொடுமைன்னு எல்லாரும் நினைப்பாங்க. எனக்கு லாட்ஜ் நாள்தான். வார்டுல அடுத்து என்ன செய்யணும்னு கை தானாப் போயிட்டு இருக்கும். அறையில கைக்கு வேலை இல்லை. கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலத்தை வெச்சுட்டு ஓடிப் போற காலடிச் சத்தம், மேல ஃபேன். அப்போதான் ஒவ்வொரு முகமா வரும். பொண்ணு வீடியோ கால்ல, "அம்மா நீ எப்போ நெகட்டிவ் ஆவே?"ன்னு கேட்பா. அவளுக்கு நாலு வயசு.

2 ஜூன், இரவு 9:05

"அதான் ஹெல்ப்லைன் இருந்துச்சே, கூப்பிட்டிருக்கலாமே"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்.

இருந்துச்சு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில 2020 மார்ச் கடைசியிலேயே ஆரம்பிச்சாங்க. நம்பர் எங்க உடை மாத்துற அறைக் கதவுல ஒட்டியிருந்துச்சு. போனைப் பூட்டி வெச்சுட்டு உள்ளே போற கதவு அது. வெளியே வந்தா குளிக்கணும், துவைக்கணும், வீட்டுக்குப் பேசணும், தூங்கணும். எப்போ கூப்பிடுறது?

எங்களுக்குத் தேவைப்பட்டது ஆலோசனை இல்லை. ஆள். நாப்பத்தஞ்சு படுக்கைக்கு ரெண்டு ஸ்டாஃப் போட்டுட்டு "மூச்சுப் பயிற்சி பண்ணுங்க"ன்னு துண்டுச்சீட்டு ஒட்டினா எரிச்சல்தான் வரும். இதுல நான் மாற மாட்டேன்.

4 ஜூன், மாலை 5:20

நம்புறதுக்கு எண்ணிக்கை வேணும்னு மாமா கேட்டதா தம்பி சொல்றார். சரி.

கொரோனா தொடங்கின உடனே, 2020 ஜனவரி 29ல இருந்து பிப்ரவரி 3 வரைக்கும், சீனாவுல 34 ஆஸ்பத்திரியில 1,257 பேர்கிட்ட ஒரு ஆய்வு நடத்தினாங்க. பத்துக்கு ஆறு பேர் நர்ஸுங்க. மனச்சோர்வு 50.4 சதவீதம், பதற்றம் 44.6, தூக்கமின்மை 34, மன நெருக்கடி 71.5. இது முதல் மாசக் கணக்கு. நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லை அப்போ. 2020 ஜனவரியில இருந்து 2021 மே வரைக்கும் உலகம் முழுக்க 80,000ல இருந்து 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவுல இறந்திருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுச்சு. எண்ணிக்கை போதுமா மாமாவுக்கு?

4 ஜூன், இரவு 10:30

மேல எழுதினதுல ஒண்ணு சரி பண்ணணும். 50.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய்னு அர்த்தம் இல்லை. கேள்வித்தாள் கொடுத்து, அவங்களே நிரப்பி, அறிகுறி இருக்குன்னு வந்தது. லேசானதும் அதுல சேரும். டாக்டர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னது வேற. இந்த வித்தியாசத்தை விட்டுட்டா நாளைக்கு யாராவது வந்து "பாதி நர்ஸுங்களுக்கு மனநோயாம்"னு கிளப்பிவிடுவாங்க, எங்களுக்கு வீடு கொடுக்காததுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

அந்த ஆய்வுலயே நர்ஸுகளுக்கும் பெண்களுக்கும் வூஹான்ல வேலை பார்த்தவங்களுக்கும் நேரடியா கொரோனா நோயாளி பார்த்தவங்களுக்கும் அறிகுறி கடுமையா இருந்துச்சு. அதை நம்பறதுக்கு எனக்கு ஆய்வு தேவைப்படலை.

5 ஜூன், இரவு 1:10

உடைச்சது சாவு பயம் இல்லைன்னு 29ஆம் தேதி எழுதினேன். அப்போ எதுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. இதை நான் எங்க வீட்டுக்காரர்கிட்டயே முழுசா சொன்னதில்லை.

2021 மே மூணாவது வாரம். மே 21 தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்குத் தொற்று, அதுதான் உச்சம். எங்க வார்டு வாசல்ல ஆம்புலன்ஸ் ஒண்ணு பின்னால ஒண்ணு, உள்ளே ஆக்சிஜன் போட்ட நோயாளியோடயே காத்துட்டு நிக்கும்.

பதினேழாம் படுக்கையில ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். பீடி சுத்துறவங்க. கை சும்மா இருக்கும்போதும் இலையைச் சுருட்டுற மாதிரி போர்வை நுனியைச் சுருட்டிட்டே இருப்பாங்க, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசையும். பை வெச்ச மாஸ்க், நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன், அப்படியும் சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 82. பேசினா இன்னும் இறங்கும், பேசாதீங்கம்மான்னு சொல்லியிருந்தேன். ராத்திரி பதினொண்ணரை இருக்கும், என் சட்டை நுனியைப் பிடிச்சு இழுத்து, "செத்த நேரம் இருந்துட்டுப் போ தாயி"ன்னாங்க.

நான் சொன்னேன்: "பத்தே நிமிஷம்மா. இதோ வந்துடுறேன்."

ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்ற வார்த்தை அது. நர்ஸா இருக்கிற யாரை வேணா கேளுங்க. ஹாலோட அந்தக் கோடியில மூணு அட்மிஷன், ஒரு சிலிண்டர் மாத்த வேண்டியிருந்துச்சு, ஒருத்தர் மாஸ்க்கைக் கழட்டி வீசிட்டு எழுந்து நடக்கிறார். திரும்பி வந்தப்போ அம்பது நிமிஷம் ஆகியிருந்துச்சு. பாட்டில் நல்லா கொதிச்சுட்டுதான் இருந்துச்சு. பிரஷர்ல குறை இல்லை. அவங்க இல்லை. போர்வை நுனி பீடி மாதிரி இறுக்கமா சுருண்டு இருந்துச்சு.

வீட்டுக்குப் போன் பண்றது அன்னைக்கு என் வேலை. மகன் எடுத்தார். திருப்பூர்ல இருந்து வர பாஸ் கிடைக்காம நின்னுட்டு இருந்தார். எல்லாம் கேட்டுட்டு, "கடைசியில எதாச்சும் சொன்னாங்களா சிஸ்டர்? பக்கத்துல யாராச்சும் இருந்தீங்களா?"ன்னார்.

"நான்தான் இருந்தேன். தூக்கத்துலயே போயிட்டாங்க"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் இதோ வந்துடுறேன்னு சொல்றதில்லை. பொண்ணுகிட்டகூட. "அரை மணி ஆகும்"னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல போவேன்.

6 ஜூன், காலை 6:15

நிறைய பேர் "உங்க தப்பு இல்லை"ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் தெரியும். அங்க இன்னொரு நான் இருந்திருந்தாலும் அந்தச் சிலிண்டரைத்தான் முதல்ல மாத்தியிருப்பா. தெரிஞ்சதால அது போயிடலை.

இதுக்கு ஒரு பேர் இருக்கு, மாரல் இஞ்சுரி. வியட்நாம் போர்ல இருந்து திரும்பின சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷேங்கிற மனநல மருத்துவர் இதைப் பத்தி எழுதினார். பயத்தால வர்ற காயம் ஒண்ணு. நாம எது சரின்னு நம்புறோமோ, அதை அதிகாரத்துல இருக்கிறவங்க மீறினதாலயோ, அதுக்கு விரோதமா நாமளே நடக்க வேண்டி வந்ததாலயோ வர்ற காயம் இன்னொண்ணு. மனசாட்சியில பட்ட அடின்னு நான் சொல்லிக்கிறேன். படிச்சப்போ நோயாளி பக்கத்துல உட்காரணும்னு சொல்லிக் கொடுத்தாங்க, மூணரை வருஷம். அந்த மே மாசம் முழுக்க யார் பக்கத்துலயும் உட்காரலை.

டூட்டிக்கு நேரமாச்சு.

9 ஜூன், மாலை 6:40

எல்லாரும் டாக்டர், நர்ஸ்னே பேசிட்டு இருக்கோம். நானும்தான். இன்னொருத்தரைப் பத்தி எழுதணும்.

எங்க வார்டுல ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருத்தர். அண்ணன்னுதான் கூப்பிடுவோம். இறந்தவங்களைப் பொதியிறது அவரும் இன்னொருத்தரும். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் தெளிச்சு, பையில வெச்சு, ஜிப் போட்டு, மறுபடி தெளிச்சு, மார்ச்சுவரிக்குத் தள்ளிட்டுப் போகணும். ஜிப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் தலைமுடியையும் கையுறைக் கையால ஒரு தடவை ஒதுக்கிவிடுவார். யாரும் சொல்லிக் கொடுக்கலை. வீட்டுக்காரங்க பார்க்கப் போறதும் இல்லை.

ஒரு நாள் காலையில குடிச்சுட்டு வந்தார். நாத்தம். தள்ளாட்டம் இல்லை. அன்னைக்கு இன்சார்ஜ் நான். ரிப்போர்ட் புக்ல எழுதினேன். எழுதத்தான் வேணும், வார்டுல நோயாளிங்க இருக்காங்க. மறுநாள்ல இருந்து அவர் வரலை. ஒப்பந்தக்காரர் ஆளை மாத்திட்டார். அப்புறம்தான் முந்தின ராத்திரி ரெஜிஸ்டரைப் பார்த்தேன். பதினொரு பேரைப் பொதிஞ்சிருக்கார்.

எங்களுக்காவது கதவுல ஹெல்ப்லைன் நம்பர் ஒட்டினாங்க. அவருக்கு உடை மாத்த அறையே கிடையாது, படிக்கட்டுக்குக் கீழே மாத்துவார். அவரை யாராவது ஒரு தடவை உட்காரவெச்சு "தூங்குனீங்களா அண்ணே?"ன்னு கேட்டிருந்தா? நான் கேட்டிருக்கலாம். அதுக்கு டிகிரி வேண்டாம்.

10 ஜூன், இரவு 8:00

நேத்து எழுதினதுக்கப்புறம் தம்பி, "சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட நடக்கலையா?"ன்னு கேட்டார். நடந்துச்சு தம்பி, நிறைய.

கிட் போட்டா எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம், அதனால நெஞ்சுல மார்க்கர் பேனாவால பேர் எழுதுவோம். எங்க செட்ல ஒரு பொண்ணு ஒரு நாள் "நயன்தாரா"ன்னு எழுதிட்டுப் போயிட்டா. ஆறாம் படுக்கைத் தாத்தா நிஜமாவே நம்பிட்டார். "நயன்தாராம்மா, கொஞ்சம் வெந்நீர்"னு கூப்பிடுவார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு, "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பிள்ளையைப் பார்க்காம போக மாட்டேன்"னு வீல்சேர்ல உட்கார்ந்துட்டார். அவ அப்போ லாட்ஜ்ல. வீடியோ கால் போட்டுக் காட்டினோம். மாஸ்க் இல்லாம முகத்தைப் பார்த்துட்டு, "படத்துல பார்க்கிறதைவிட நல்லா இருக்கே"ன்னார். அவ அழுதுட்டா.

எங்க ஹெட் நர்ஸ் அக்கா ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு குளிச்சுட்டு வந்ததும், கிளம்புறதுக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் எல்லாரும் வராந்தாவுல நிக்கணும். கையில டீ. இன்னைக்கு யார் வீட்டுக்குப் போனாங்கன்னு ஒவ்வொருத்தரும் ஒரு பேர் சொல்லணும். இறந்தவங்க பேர் யாராவது சொன்னா தடுக்க மாட்டாங்க, கேட்டுட்டு டீயைக் குடிப்பாங்க. அப்புறம் டூட்டி ரோஸ்டர். புதுசா வந்த ரெண்டு பேரை ஒண்ணா நைட் போடவே மாட்டாங்க. எந்தப் பயிற்சி வகுப்பும் படிச்சு வந்ததில்லை இது. அந்த வராந்தா இல்லைன்னா எங்கள்ல ரெண்டு மூணு பேர் அப்பவே வேலையை விட்டிருப்போம்.

14 ஜூன், பகல் 3:30

2ஆம் தேதி "ஆலோசனை இல்லை, ஆள்"னு எழுதி, இதுல மாற மாட்டேன்னும் எழுதினேன். பாதி மாறுறேன்.

ஆள் வேணும்கிறதுல மாறலை. முதல் அலையில 14,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு ஆறு மாச ஒப்பந்தத்துல எடுத்த பிள்ளைங்க எங்களோட நின்னாங்க. நீட்டிச்சு நீட்டிச்சு வெச்சிருந்துட்டு 2022 டிசம்பர் 31ஓட ரெண்டாயிரத்துக்கும் மேல பேரைப் போகச் சொல்லிட்டாங்க. அந்த ஜனவரியில சென்னையிலயும் சேலத்துலயும் அவங்க உட்கார்ந்து போராடினதைப் பார்த்திருப்பீங்க. ரெண்டாம் அலைக்கு நர்ஸுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிச்சதும் அவங்களை நம்பித்தானே? அதுல ஒருத்திதான் நம்ம நயன்தாரா. இப்போ தனியார்ல இருக்கா, அதைவிடக் குறைஞ்ச சம்பளம். அவகிட்ட போய் மூச்சுப் பயிற்சின்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா எனக்கு ஆலோசனையும் தேவைப்பட்டுச்சு. அதை மறைச்சுட்டு அன்னைக்கு எழுதினது சரியில்லை.

எல்லாம் ஓஞ்சப்புறம், 2022 கடைசியிலதான் எனக்கு வந்துச்சு. அதுவரைக்கும் ஓடிட்டே இருந்தேன். சாதாரண வார்டு, சாதாரண காய்ச்சல். நோயாளி ரெண்டாவது தடவை கூப்பிட்டா எரிஞ்சு விழுவேன். அழுறவங்களைப் பார்த்தா எதுவும் தோணாது, சுவத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. பொண்ணு ஒரு நாள், "அம்மா, நீ கிட் போட்டுட்டே இருக்கிற மாதிரி இருக்கே"ன்னா. ஏழு வயசுப் பிள்ளை.

எங்க ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கு. அங்கே போகலை. பார்த்தா என்ன சொல்வாங்க, ஃபைல்ல எழுதிடுவாங்களோ, புரமோஷன்ல கை வெப்பாங்களோன்னு பயம். அறுபது கிலோமீட்டர் பஸ் ஏறி வேற ஊருக்குப் போய் சீட்டு வாங்கினேன். இந்த பயம் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. நியூயார்க்ல லோர்னா பிரீன்னு அவசரப் பிரிவு டாக்டர் 2020 ஏப்ரல்ல தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. உதவி கேட்டா டாக்டர் வேலையே போயிடுமோன்னு பயந்தாங்கன்னு குடும்பத்தினர் சொன்னாங்க. அவங்க பேர்லயே 2022 மார்ச்ல அமெரிக்காவுல சட்டம் வந்துச்சு, மருத்துவப் பணியாளர் மனநலத்துக்காக.

நான் பார்த்த டாக்டர் மனச்சோர்வு இருக்கான்னு பார்க்கிற ஒன்பது கேள்வி கேட்டார், கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி. எத்தனையோ நோயாளிக்கு நானே அதை நிரப்பிக் கொடுத்திருக்கேன். என் முறை வந்தப்போ மூணாவது கேள்விக்கு மேல பதில் சொல்ல முடியலை. மாத்திரை வேலை செய்ய மூணு வாரம் ஆச்சு. பேச்சு சிகிச்சை பத்து தடவை. பதினேழாம் படுக்கையை முதல் முறையா சொன்னது ஆறாவது தடவை. தூக்கம் திரும்புச்சு. கோபம் குறைஞ்சுது. மீன் தொட்டி இன்னும் இருக்கு, ஆனா எழுந்து போகாம உட்கார முடியுது.

ஆள் பத்தாததால பட்ட அடியை ஆலோசனை அழிக்காது. ஆனா அடி பட்டவளுக்கு வைத்தியம் வேணும். ரெண்டையும் ஒண்ணுக்கு எதிரா ஒண்ணா நான் நிறுத்தினது தப்பு.

17 ஜூன், இரவு 9:45

தம்பி, அக்காவை உட்காரவெச்சு எல்லாத்தையும் சொல்ல வைக்கப் போறேன்னு எழுதியிருக்கீங்க. வேண்டாம். நடந்ததை ஒரே மூச்சுல கொட்டவைக்கிறது நல்லதுன்னு ஒரு காலத்துல நம்பினாங்க, கட்டாயமா ஒரு தடவை உட்காரவெச்சுப் பேசவைப்பாங்க. அதனால பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல்னு தெரிஞ்சப்புறம் வழிகாட்டிகள்லயே பரிந்துரைக்கிறதில்லை. அவ சொன்னா கேளுங்க. சொல்லலைன்னா கூட இருந்து வெங்காயம் உரிச்சுக் கொடுங்க.

ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு எழுந்து போனா பின்னாலேயே போய் "என்னாச்சு, என்னாச்சு"ன்னு கேட்காதீங்க. திரும்பி வரும்போது தட்டு அப்படியே மூடி இருக்கட்டும்.

தூக்கம் மூணு வாரமா இல்லைங்கிறீங்க, அது மட்டும் காத்திருக்கக் கூடாது. "இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற மாதிரி பேச்சு வந்துச்சான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்பட வேண்டாம், வராது. வந்திருந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போகணும். ராத்திரின்னா 14416, டெலி மானஸ்னு அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பேரைச் சொல்லணும்னு இல்லை.

மாமாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. பதினேழாம் படுக்கையைப் பத்தி எழுதினதைப் படிக்கச் சொல்லுங்க.

19 ஜூன், காலை 10:20

9ஆம் தேதி நான் எழுதின தூய்மைப் பணியாளர் அண்ணன் இப்போ எங்கே இருக்கார்னு விசாரிச்சேன். எங்க பழைய வாட்ச்மேன் சொல்லித் தெரிஞ்சுது. கல்யாண மண்டபத்துல வேலை பார்க்கிறார், பந்திக்கு இலை எடுக்கிறது. நேத்து போனேன். என்னை முகம் பார்த்து அடையாளம் தெரியலை, மாஸ்க் இல்லாம அவர் என்னைப் பார்த்ததே இல்லையே. பேசினதும் குரலை வெச்சு, "ரெண்டாம் மாடி சிஸ்டர்தானே"ன்னார். ரிப்போர்ட் எழுதினது நான்தான்னு சொன்னேன். "தெரியும் சிஸ்டர்"னார். வேற எதுவும் சொல்லலை. தூங்குறீங்களான்னு கேட்டேன். "குடிச்சா தூக்கம் வருது"ன்னார். 14416 எழுதிக் கொடுத்தேன், சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். கூப்பிடுவார்னு தோணலை. அடுத்த புதன் எனக்கு ஆஃப், மறுபடி போறேன். வர்ற நாளை அவர்கிட்ட சொல்லிட்டுதான் வந்தேன்.

22 ஜூன், இரவு 7:30

அக்கா ஓபிக்கு வரச் சம்மதிச்சுட்டான்னு தம்பி எழுதியிருக்கார். என்ன கொண்டு போகணும்னு கேட்டார்.

காலையில ஏழரைக்கே போயிடுங்க, எட்டு மணிக்கு மேல சீட்டு வரிசை நீளும். வேற ஊருன்னா அவ ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழுத்துல மாட்ட வேண்டாம், அது அவ இஷ்டம். தைராய்டு, ரத்த சோகைன்னு பழைய ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்கோங்க, தூக்கமின்மைக்கு அதையும் பார்ப்பாங்க. இப்போ சாப்பிடுற மாத்திரை அட்டையை அப்படியே பையில போடுங்க. காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டு இட்லியாவது சாப்பிடட்டும்.

டாக்டர் அறைக்குள்ள அவ தனியா போகட்டும். கூப்பிட்டா மட்டும் நீங்க போங்க. முதல் தடவை முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வெளியே பெஞ்சுல அவ கண்ணுல படுற மாதிரி உட்காருங்க. டீ குடிக்கப் போகணும்னா அவ உள்ளே போறதுக்கு முன்னாடியே எத்தனை நிமிஷம்னு சரியா சொல்லிடுங்க. சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க.